கருந்துளையா, நியூட்ரான் விண்மீனா? எதை வைத்து உறுதி சொல்வது?

2 ஜூன் 2024, காலை. தென் ஆப்பிரிக்காவின் மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

எக்ஸ்ரே இரட்டை விண்மீன்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம். ஒரு சாதாரண விண்மீன், அதோடு சேர்ந்து சுற்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். அந்தப் பொருளை ஓரிடத்தில் நியூட்ரான் விண்மீன் (இறந்த பெரிய விண்மீனின் மிக இறுகிய கரு) என்கிறார்கள், இன்னோரிடத்தில் கருந்துளை (ஒளிகூடத் தப்பாத அளவு இறுகியது) என்கிறார்கள். இரண்டுமே சில பத்துக் கிலோமீட்டர் அளவுதான். எந்தத் தொலைநோக்கியிலும் உருவம் தெரியப்போவதில்லை. அப்புறம் எதை நம்பி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? ஊகம் என்றுதான் எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் மறுக்கலாம்.

2 ஜூன், இரவு

ஊகம் இல்லை, தம்பி. 2018-இல் நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்த மார்ச்சில் நாகதாரி விண்மீன் குழுவில் மேக்ஸி ஜே1820+070 திடீரென்று பொங்கி எழுந்தது. (பெயர் போலத் தெரிந்தாலும் அது வானத்தில் அதன் முகவரி. கண்டுபிடித்த கருவி மேக்ஸி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கிறது.) சில மாதங்களுக்கு எங்களைப் போன்றவர்களின் எட்டு அங்குலத் தொலைநோக்கிக்கும் எட்டும் அளவு வெளிச்சத்தோடு இருந்தது. ஜூலையில் என் தங்கை மகனும் நானும் டிராகன்ஸ்பர்க் அடிவாரத்தில் ஒரு பண்ணைவீட்டில் தங்கி, பத்து விநாடிக்கு ஒரு படமாக ஒரு மணி நேரம் எடுத்தோம். பக்கத்து விண்மீன்கள் எல்லாம் அசையாமல் ஒரே ஒளியில் நிற்க, இது மட்டும் காற்றில் அகல்விளக்கு போலத் துடித்தது. மேகமோ காற்றோ காரணம் என்றால் எல்லாமே சேர்ந்து மங்கியிருக்க வேண்டும்.

அது கருந்துளை என்று அடுத்த ஆண்டு உறுதியானது. அந்தத் துடிப்புதான் அடையாளம்.

3 ஜூன், விடியற்காலை

மேலே கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். அது தவறு. அப்படி ஒழுங்கில்லாமல் துடிப்பது அடையாளம் இல்லை. அதை அடையாளம் என்று நம்பித்தான் வானியலாளர்கள் பல ஆண்டு ஒரு பொருளைத் தவறாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையில் நம் தென் ஆப்பிரிக்காவுக்கும் பங்கு உண்டு. வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

5 ஜூன்

தவறாக எண்ணிய அந்தப் பொருள் சர்சினஸ் எக்ஸ்-1. இந்த மாதம் டர்பனில் இரவு எட்டு மணிக்குத் தெற்கே பாருங்கள். தெற்குச் சிலுவை விண்மீன் குழுவைக் காட்டும் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் உயரத்தில் நிற்கும். அவற்றில் ஒன்றான ஆல்ஃபா சென்டாரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்னக் குழு சர்சினஸ். அந்தப் பக்கம்தான் இதன் இருப்பிடம். கண்ணுக்குத் தெரியாது, திசையைச் சொல்கிறேன்.

முதலில் பின்னணி. எக்ஸ்ரே வானியலுக்கு 1962-இல் ஒரு ராக்கெட் வழி திறந்தது. நிலாவிலிருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று தேடப்போன ஜியாக்கோனி குழுவினருக்கு விருச்சிகத்தின் பக்கம் ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 கிடைத்தது. 1970 டிசம்பர் 12-இல் கென்யக் கரைக்கு அருகே கடலில் இருந்த மேடையிலிருந்து உஹூரு செயற்கைக்கோள் ஏறியது. அன்று கென்ய விடுதலை நாள், உஹூரு என்றால் சுவாஹிலியில் விடுதலை. அது வானத்தை முழுதாக வரைந்து கொடுத்த பிறகு 1971-இல் சிக்னஸ் எக்ஸ்-1 ஓர் இரட்டை என்பது பிடிபட்டது. 5.6 நாளில் சுற்றும் பெரிய நீல விண்மீன், அதன் துணையாகக் கண்ணுக்குத் தெரியாத கனமான ஒன்று. முதல் கருந்துளை வேட்பாளர் அதுதான். அதன் எக்ஸ்ரே ஒழுங்கே இல்லாமல், விநாடிக்கும் குறைந்த நேரத்தில் ஏறி இறங்கும்.

அப்புறம் என்ன நடந்தது? அதே மாதிரி ஏறி இறங்கும் எதைக் கண்டாலும் "இதுவும் கருந்துளையோ" என்று கேட்கத் தொடங்கினார்கள். சர்சினஸ் எக்ஸ்-1 அப்படித்தான் துடித்தது. 1976-இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் அது 16.6 நாளுக்கு ஒருமுறை பொங்கி அடங்குவதைக் கண்டது. நம் ஹார்ட்டிபீஸ்ட்ஹூக்கில் இருக்கும் 26 மீட்டர் வானொலித் தட்டு அதே கணக்கில் அதன் ரேடியோ எழுச்சிகளைப் பதிவு செய்தது. நாசா விண்கலங்களோடு பேசுவதற்காகக் கட்டி, பின்னால் நமக்கு விட்டுப்போன தட்டு அது. சதர்லேண்டில் இருக்கும் நம் வானியல் நோக்கிடத்தில் அகச்சிவப்பு ஒளியிலும் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தி வந்தது. கருந்துளை வேட்பாளர் பட்டியலில் அதன் பெயர் நிலைத்தது.

1986-இல் எக்ஸோசாட் செயற்கைக்கோளின் பதிவுகளைப் பார்த்தவர்கள் அதில் சில வெடிப்புகளைக் கண்டார்கள். ஓரிரு விநாடியில் ஏறி, மெல்ல மெல்லக் குளிர்ந்து அணையும் வெடிப்பு. அந்த வகை வெடிப்புக்குக் கெட்டியான ஒரு மேற்பரப்பு வேண்டும். கருந்துளைக்கு மேற்பரப்பு கிடையாது. பத்தாண்டுக்கு மேல் சேர்ந்த நம்பிக்கை சில வெடிப்புகளில் முடிந்தது.

அதோடும் முடியவில்லை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அது வெடிக்கவே இல்லை. அவை உண்மையிலேயே அந்த வகைதானா என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. 2010-இல், சுமார் 25 ஆண்டு கழித்து, மறுபடி வெடித்தது. அப்புறம்தான் சந்தேகம் தீர்ந்தது: நியூட்ரான் விண்மீன்.

எனக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றால், இதில் யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை. கையில் இருந்த சான்றை நேர்மையாகப் படித்தார்கள். சான்று போதவில்லை, அவ்வளவுதான்.

6 ஜூன்

அந்த வெடிப்பு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

இணை விண்மீனிலிருந்து வழியும் ஹைட்ரஜனும் ஹீலியமும் நியூட்ரான் விண்மீனின் மேல் படலமாகப் படிகிறது. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் சேர்கிறது. அடியில் இருப்பது நசுங்கிச் சூடேறி ஒரு கட்டத்தில் மொத்தமாக அணுக்கருப் பிணைவில் பற்றிக்கொள்கிறது. பால் பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களே. சும்மா இருப்பது போலவே இருந்து ஒரே நொடியில் விளிம்பைத் தாண்டும். பத்து விநாடி முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஆறிவிடும். 1975-இல் முதலில் அடையாளம் கண்டார்கள். முதல் வகை எக்ஸ்ரே வெடிப்பு என்று பெயர். இரண்டாம் வகையும் உண்டு. அது விழும் வாயு திக்கித் திக்கி விழுவதால் வருவது, மேற்பரப்பு எரிவதால் அல்ல. சர்சினஸ் விஷயத்தில் குழப்பம் வந்தது இதனால்தான்.

படிவதற்கு இடம் இருந்தால்தான் பொங்கும். கருந்துளையில் விழுந்தது எங்கும் படியாது. ஆகவே ஒரே ஒரு முதல் வகை வெடிப்பு போதும், வழக்கு முடிந்தது.

மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். வெடிப்பு தெரியவில்லை என்பதால் கருந்துளை ஆகிவிடாது. முதன்முதலில் கண்ட ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 இன்றுவரை அப்படி வெடித்ததாகப் பதிவு இல்லை. நியூட்ரான் விண்மீன் கலங்கரை விளக்கு போலச் சுழலும்போது தெரியும் ஒழுங்கான துடிப்பும் உறுதியாகவில்லை. ஆனாலும் அதை நியூட்ரான் விண்மீன் என்றே வகைப்படுத்துகிறார்கள். 1996-இல் அதன் எக்ஸ்ரேயில் விநாடிக்கு ஆயிரம் தடவை அளவில் அதிரும் இரட்டை அதிர்வு தெரிந்தது. நியூட்ரான் விண்மீன் என்று நன்கு தெரிந்தவற்றில் காணப்படும் அதிர்வு அது.

8 ஜூன், சனிக்கிழமை

இன்று டர்பனின் சாட்ஸ்வர்த்தில் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு இதையே பேசினோம். நான் 31 ஆண்டு மருத்துவமனைகளில் ரேடியோகிராஃபராக வேலை பார்ப்பவள். பிள்ளைகளுக்கு நான் எக்ஸ்ரே ஆன்ட்டி. அதனால் விண்மீனும் எக்ஸ்ரே விடும் என்றதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்படியானால் நம் எலும்பு தெரியுமா?"

தெரியாது. எங்கள் குழாய்க்கு முன்னால் ஓர் அலுமினியத் தகடு இருக்கும். வலுவில்லாத எக்ஸ்ரே படத்துக்கு உதவாமல் தோலிலேயே தங்கிக் கெடுதல் செய்யும் என்பதால் அதை வடிகட்டத்தான் அந்தத் தகடு. இந்த இரட்டை விண்மீன்களிலிருந்து நாம் அதிகம் அளப்பது, நான் தினமும் வடிகட்டி எறியும் அந்த வலுவற்ற வகைதான். எக்ஸ்ரேயின் வலுவை அளக்கும் அலகில் சொன்னால் 2 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நம் காற்று மண்டலமே அவற்றுக்குப் பெரிய அலுமினியத் தகடு. அதனால்தான் செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட்டும் இந்த வேலைக்கானதே.

சரி, கருந்துளை என்று உறுதி சொல்ல என்ன வேண்டும்? நிறை வேண்டும். மற்றதெல்லாம் துணைச்சான்று.

நியூட்ரான் விண்மீன் ஓர் அளவுக்கு மேல் கனம் தாங்காது. வெண்குறுமீனுக்கு (சூரியன் போன்ற விண்மீன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவது) ஒரு நிறை வரம்பு உண்டு என்று 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கணக்குப் போட்டவர் நம் சந்திரசேகர், அப்போது வயது 19. இன்று அந்த வரம்பு 1.4 சூரிய நிறை. நியூட்ரான் விண்மீனுக்கும் அதுபோல் ஒரு வரம்பு உண்டு. அதன் உள்ளிருக்கும் பொருளின் இயல்பு முழுதும் தெரியாததால் எண் அவ்வளவு கூர்மையாக இல்லை. ஆனால் எப்படிப் பார்த்தாலும் 3 சூரிய நிறையைத் தாண்டாது. நன்றாக அளந்தவற்றில் மிகக் கனமானது சுமார் 2.1. ஆகவே கண்ணுக்குத் தெரியாத பொருள் 3-ஐத் தாண்டினால், அது கருந்துளை.

எடை போடுவது எப்படி? பொங்கி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பொருளைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டின் வெளிச்சம் தணிந்த பிறகுதான் இணை விண்மீனின் நிறமாலை (நிறம் நிறமாகப் பிரித்த ஒளி) தெரியும். அதன் கோடுகள் ஒருமுறை சிவப்புப் பக்கமும் மறுமுறை நீலப் பக்கமும் நகர்வதை வைத்து, அது எவ்வளவு வேகமாக ஆட்டுவிக்கப்படுகிறது என்று அளக்கலாம். வேகமும் சுற்றும் காலமும் தெரிந்தால் போதும்.

கரும்பலகையில் வி404 சிக்னி என்ற எக்ஸ்ரே இரட்டையின் கணக்கைப் போட்டோம். வேகம் விநாடிக்கு 208.5 கிலோமீட்டர், சுற்றுக்காலம் 6.47 நாள். வேகம் × வேகம் × வேகம் என்று பெருக்கினால் சுமார் 90.6 லட்சம். அதை 6.47-ஆல் பெருக்கினால் 5.86 கோடி. ஒரு கோடியால் வகுத்து, அலகு மாற்றத்துக்காக 1.036-ஆல் பெருக்கினால் 6.08. விடை சூரிய நிறையில். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருள் குறைந்தபட்சம் 6.08 சூரியன் கனம். அதற்குக் கீழே போகவே முடியாது. 1992-இல் கசாரெஸ், சார்ல்ஸ், நெய்லர் மூவரும் இதன் முதல் அளவை வெளியிட்டபோது விவாதத்துக்கு இடமே இல்லாமல் போனது. (அந்த சார்ல்ஸ் பின்னாளில் இங்கே வந்து தென் ஆப்பிரிக்க வானியல் நோக்கிடத்தின் இயக்குநராக இருந்தார்.)

பத்து வயதுப் பெண் ஒருத்தி கால்குலேட்டரை என்னிடம் நீட்டி "6.08 ஆன்ட்டி, 3-ஐ விடப் பெரிசு" என்றாள். மரிட்ஸ்பர்க் தம்பிக்கு இதுதான் என் பதில். ஊகம் இல்லை, பெருக்கல்.

8 ஜூன், பின்னிரவு

"குறைந்தபட்சம்" என்று ஏன் சொன்னேன் என்று விளக்காமல் விட்டுவிட்டேன். தூக்கம் வரவில்லை.

கையை எக்ஸ்ரே எடுக்கும்போது எலும்பு தட்டுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்திருந்தால் படத்தில் குட்டையாக விழும். சாய்வு தெரியாவிட்டால் உண்மை நீளம் தெரியாது. ஆனால் "இதைவிடக் குட்டை இல்லை" என்று சொல்லலாம். சுற்றுப்பாதையும் அப்படியே. நம்மை நோக்கி வரும், விலகும் வேகம் மட்டும்தான் நிறமாலையில் விழுகிறது. பாதை சாய்ந்திருந்தால் அளந்த வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைவு. அதனால் கணக்கில் வரும் எடையும் உண்மையைவிடக் குறைவு. இணை விண்மீனுக்கு எடையே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அந்த எண் வருகிறது, அதைச் சேர்த்தால் இன்னும் ஏறும். வி404-இன் உண்மை எடை சுமார் 9 என்கிறார்கள்.

9 ஜூன்

என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரே படத்தில் எலும்பு பெரிதாகவும் விழுமே, தட்டிலிருந்து தள்ளி இருந்தால் நிழல் விரியுமே என்றார். சரிதான். அந்த இடத்தில் என் உவமை நிற்காது. வானத்தில் அந்த விரிவு இல்லை. வேகம் என்பது தொலைவைச் சாராத அளவு. சாய்வு மட்டும்தான் பிரச்சினை, அது குறைக்கவே செய்யும்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். வகுப்பில் ஜிஎக்ஸ் 339-4-ஐயும் "உறுதியான கருந்துளை" என்று சொல்லியிருந்தேன். இது நம் தெற்கு வானத்தின் பிள்ளை, ஆரா குழுவில் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொங்கும். கருந்துளை எப்படி நடந்துகொள்ளும் என்று பாடம் படித்தவர்களில் பாதிப்பேர் இதைப் பார்த்துத்தான் படித்தார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேகம் 219, காலம் 1.76 நாள். வருவது 1.91.

3-க்குக் கீழே! 2017-இல் இந்த அளவை வெளியிட்டவர்கள் உண்மை எடை 2.3-க்கும் 9.5-க்கும் இடையில் என்றார்கள். மேல் எல்லை நல்ல கருந்துளை, கீழ் எல்லை நியூட்ரான் விண்மீனின் வாசலில். நடத்தை முழுக்கக் கருந்துளைதான், வெடிப்பு இல்லை, ஒழுங்கான துடிப்பு இல்லை. நானும் கருந்துளை என்றே நம்புகிறேன். ஆனால் வி404-க்குச் சொன்ன அதே குரலில் இதைச் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கையும் கொடுத்து, எண்ணை அவர்களையே பார்க்கச் சொல்வேன்.

12 ஜூன்

டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து ஓர் ஐயா கேட்டது நல்ல கேள்வி: கலங்கரை விளக்கு போல ஒழுங்காகத் துடித்தால் நியூட்ரான் விண்மீன் என்கிறீர்களே, வெண்குறுமீனும் சுழலுமே?

சுழலும். கும்பத்தில் இருக்கும் ஏஇ அக்வாரியின் வெண்குறுமீன் 33 விநாடிக்கு ஒருமுறை சுழல்கிறது. அதனால் துடிப்பு இருக்கிறதா என்பதோடு நிறுத்தக் கூடாது, எவ்வளவு வேகம் என்று கேட்க வேண்டும். வெண்குறுமீன் பூமி அளவு பெரியது. விநாடிக் கணக்கில் சுழல வைத்தால் ஓரம் பிய்ந்து பறந்துவிடும். உஹூரு கண்ட சென்டாரஸ் எக்ஸ்-3 துடிப்பது 4.8 விநாடிக்கு ஒருமுறை. அதற்கு ஈடுகொடுக்க நியூட்ரான் விண்மீனின் இறுக்கம் வேண்டும். 1998-இல் எஸ்ஏஎக்ஸ் ஜே1808 விநாடிக்கு 401 சுற்று சுழல்வதைக் கண்டார்கள். அங்கே கேள்விக்கே இடமில்லை. அது முதல் வகை வெடிப்பும் காட்டும்.

துடிப்பு பெரிய நம்பிக்கை ஒன்றையும் உடைத்திருக்கிறது. எம்82 அண்டத்தில் அளவுக்கு மீறிப் பிரகாசிக்கும் ஓர் எக்ஸ்ரே மூலத்தை, இவ்வளவு வெளிச்சம் என்றால் கருந்துளையாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள். 2014-இல் நூஸ்டார் கருவியில் பார்த்தால் 1.37 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. நியூட்ரான் விண்மீன்!

17 ஜூன், விடுமுறை

இன்று வேலை இல்லை. கொஞ்சம் வழி மாறிப் போகிறேன்.

சதர்லேண்டுக்குப் போன ஆண்டு குளிர்காலத்தில் போனோம். டர்பனிலிருந்து இரண்டு நாள் கார் பயணம். அது இருக்கும் வறண்ட நிலப்பகுதிக்குக் கரூ என்று பெயர். கரூவுக்குப் போகிறோம் என்றதும் என் மாமியார் "கரூரா? திருச்சி பக்கமா?" என்று கேட்டார். அவருடைய ஆயா சொல்லிக் கேட்ட ஊர்ப்பெயர்களில் அது ஒன்று. கரூரை அவர் பார்த்ததில்லை. ஆசையாகக் காரில் ஏறிக்கொண்டார்.

மேட்ஜிஸ்ஃபான்டைனில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் அப்புறம் மனிதரே இல்லை. நாட்டின் மிகக் குளிர்ந்த ஊர்களில் ஒன்று சதர்லேண்ட். மலைமேல் சால்ட் தொலைநோக்கி. 91 அறுகோணக் கண்ணாடிகளைத் தேன்கூடு போலச் சேர்த்து 11 மீட்டர் அகலத்துக்கு ஒரே கண்ணாடியாக்கியிருக்கிறார்கள். 2005 நவம்பரில் திறந்தார்கள். இந்தியாவின் புனே நிறுவனமும் அதில் பங்காளி. மங்கலான இணை விண்மீன்களின் நிறமாலையை எடுக்க இப்படிப்பட்ட பெரிய கண்ணாடிதான் வேண்டும். பகலில் அதைக் காட்டுவார்கள். இரவில் பொதுமக்களுக்கு வேறு சிறிய தொலைநோக்கிகள்.

இரவு வெளியே வந்ததும் மாமியார் மேலே பார்த்துவிட்டுப் பேசவே இல்லை. இரண்டு மகெல்லன் மேகங்களையும் காட்டினேன். பெரிய மேகத்தில் எல்எம்சி எக்ஸ்-1, எக்ஸ்-3 என்று இரண்டு கருந்துளை இரட்டைகள் இருக்கின்றன. வடக்கே இருப்பவர்களுக்கு அவை அடிவானத்துக்குக் கீழே. சாட்ஸ்வர்த்தில் 2023-இல் மின்சாரம் நின்ற இரவுகளில் மட்டும் பெரிய மேகம் இலேசாகத் தெரிந்தது. மின்சாரம் வந்ததும் மறைந்துவிடும்.

20 ஜூன்

ரேடியோவைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே என்று மரிட்ஸ்பர்க் தம்பி நினைவூட்டினார்.

கருந்துளையும் நியூட்ரான் விண்மீனும் விழும் வாயுவில் ஒரு பகுதியைத் தாரையாக வெளியே வீசும். தாரை ரேடியோவில் ஒளிரும். ஒரே எக்ஸ்ரே வெளிச்சத்தில் ஒப்பிட்டால் கருந்துளையின் ரேடியோ பொதுவாகப் பல மடங்கு வலுவானது. கார்னார்வன் பக்கம் 64 தட்டுகளோடு 2018 ஜூலையில் திறந்த மீர்காட் இந்த வேலையில் கெட்டி. தண்டர்காட் என்ற திட்டத்தில் பொங்கும் எக்ஸ்ரே இரட்டைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். டிராகன்ஸ்பர்க்கில் நாங்கள் படம் எடுத்த மேக்ஸி ஜே1820-உம் அதில் உண்டு. அதன் தாரைகள் விலகிப் போவதை மீர்காட்டும் மற்ற வானொலித் தொலைநோக்கிகளும் மாதக்கணக்கில் பின்தொடர்ந்தன.

ஆனால் இதுவும் துணைச்சான்றுதான். சில கருந்துளைகள் ரேடியோவில் மங்கல், சில நியூட்ரான் விண்மீன்கள் பலம். சர்சினஸ் எக்ஸ்-1-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், ரேடியோவில் அது எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தது!

அதன் தம்பி மாதிரி இன்னொன்றும் அண்மையில் வந்தது. ஸ்விஃப்ட் ஜே1858. 2018-இல் கண்டுபிடித்தபோது வி404 போலவே தாறுமாறாக எகிறிக் குதித்தது. கருந்துளையாக இருக்கலாம் என்றார்கள். 2020-இல் முதல் வகை வெடிப்பு தெரிந்தது. நியூட்ரான் விண்மீன். ஏறக்குறைய 21 மணி நேரத்துக்கு ஒருமுறை இணை விண்மீன் அதை மறைப்பதும் தெரியவந்தது. 1986-இல் கற்ற பாடம் 2020-இல் மறுபடி. இந்த முறை யாரும் அவசரப்பட்டு உறுதி சொல்லாததால் யாரும் வருந்த வேண்டியிருக்கவில்லை.

22 ஜூன்

பிள்ளைகள் 1.91-ஐச் சரியாகப் போட்டார்கள். "அப்படியானால் இதற்கு என்ன பெயர் எழுதுவது?" என்று பெரிய பையன் கேட்டான். "கருந்துளை வேட்பாளர்" என்று எழுதச் சொன்னேன். தேர்தல் முடிந்த சூடு இன்னும் ஆறவில்லை, அந்தச் சொல் அவர்களுக்கு உடனே புரிந்தது.

கால்குலேட்டர் பெண் கேட்டது இன்னும் ஆழம். எடையை விட்டால், கருந்துளைக்கென்று அதற்கே உரிய அடையாளம் ஒன்றும் கிடையாதா? நியூட்ரான் விண்மீனுக்குத் துடிப்பு இருக்கிறது, வெடிப்பு இருக்கிறது. கருந்துளைக்கு?

இல்லாததுதான் அதன் அடையாளம். பொங்கி அடங்கிய பிறகும் கொஞ்சம் வாயு விழுந்துகொண்டேதான் இருக்கும். நியூட்ரான் விண்மீனில் அது தரையில் மோதி, வைத்திருந்த ஆற்றலை வெப்பமாக விட்டாக வேண்டும். கருந்துளையில் நிகழ்வெல்லையை (திரும்பி வர முடியாத எல்லையை) தாண்டி ஆற்றலோடு சேர்ந்தே போய்விடும். 3,000 ஒளியாண்டுக்குச் சற்று அதிகத் தொலைவில் இருக்கும் ஏ0620-00 போன்ற கருந்துளைகளை, ஏறக்குறைய அதே சுற்றுக்காலம் உள்ள நியூட்ரான் விண்மீன் இரட்டைகளோடு அடங்கிய நிலையில் ஒப்பிட்டார்கள். கருந்துளைகள் எக்ஸ்ரேயில் சுமார் நூறு மடங்கு மங்கல். சந்திரசேகர் பெயர் கொண்ட சந்திரா தொலைநோக்கி இதை அளந்தது. ஆற்றலைத் தாரையே எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று மறுத்தவர்களும் உண்டு, அது நியாயமான மறுப்பு. ஆனாலும் அடியில் தரை இல்லாததன் தடயம் வானத்தில் அளக்கக் கிடைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

23 ஜூன்

எடை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் சொல்வது போல் இருக்கிறது. அதையும் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், பெயர் வேண்டாம், ஒரு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். நுரையீரலின் உச்சியில் நீளமான நிழல். காசநோயோ என்று வீட்டார் பயந்து அழுதார்கள். மறுநாள் மூத்தவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, பின்னலை மேலே தூக்கிக் கட்டச் சொல்லி மறுபடி எடுக்க வைத்தார். நிழல் போய்விட்டது. ஈரத்தலையோடு இறுக்கிப் பின்னியிருந்தாள். நிழல் உண்மைதான், அது எதனுடைய நிழல் என்பதுதான் தவறிப்போனது.

வானத்திலும் நடந்தது. எம்டபிள்யூசி 656 என்ற இரட்டையில் வேகமாகச் சுழலும் விண்மீனோடு ஒரு கருந்துளை இருப்பதாக 2014-இல் வெளியிட்டார்கள். எடை 3.8-க்கும் 6.9-க்கும் இடையில் என்று கணக்கு வந்தது. 2023-இல் இன்னும் கூர்மையான நிறமாலையோடு மறுபடி அளந்தவர்கள் அங்கே கருந்துளை இருப்பதற்கு வாய்ப்பு குறைவு என்றார்கள். சூத்திரம் தவறவில்லை. எந்தக் கோடு எதனுடைய அசைவைக் காட்டுகிறது என்பதில்தான் சிக்கல். வி404-இல் அந்தக் கோடு இணை விண்மீனுடையதுதான் என்பதில் ஐயமில்லை.

29 ஜூன்

கடைசியாக மீர்காட்டின் 2024-ஆம் ஆண்டுச் செய்தி. இது எக்ஸ்ரே இரட்டை அல்ல, ஆனாலும் கேள்வி அதேதான். என்ஜிசி 1851 என்ற கோளக் கொத்தில் (விண்மீன்கள் உருண்டையாகக் குவிந்த கூட்டம்) விநாடிக்கு 170 முறைக்கும் மேல் சுழலும் ஒரு துடிவிண்மீன் (ஒழுங்காகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்), கண்ணுக்குத் தெரியாத துணையோடு. துடிவிண்மீன் நல்ல கடிகாரம் என்பதால் எடை மிக நுட்பமாக வந்தது. ஜனவரியில் வெளியான கணக்குப்படி துணையின் எடை 2.09-க்கும் 2.71-க்கும் இடையில்.

நன்றாக அளந்த நியூட்ரான் விண்மீன்களில் மிகக் கனமானதற்கு மேலே, 3-க்குக் கீழே. மிகப் பெரிய நியூட்ரான் விண்மீனா, மிகச் சிறிய கருந்துளையா? வெடிப்பு இல்லை, விழும் வாயு இல்லை, நம்மிடம் இருப்பது எடை மட்டும். அந்த எடையும் சரியாகக் கோட்டின் மேல் வந்து நிற்கிறது.

தம்பி, நீங்கள் முதலில் கேட்டதை இந்த ஒன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வி404-க்கு வேண்டாம்.

29 ஜூன், இரவு

கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க மேக்ஸி ஜே1820-இன் எண்களைக் கேட்டவர்களுக்கு: வேகம் 417.7, காலம் 0.6855 நாள். விடை 5.18 வரவேண்டும். நாள் கணக்கை மணியில் போட்டுவிடாதீர்கள், இன்று வகுப்பில் மூன்று பேருக்கு 124 வந்தது.